எண்பது என்று எழுதிய கை

எங்கள் தீவன ஆலையில் அவருக்கு 'மூணுதடவை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். சைக்கிள் ஸ்டாண்டை மூன்று தடவை உதைத்துப் பார்ப்பார். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்து நிற்பார். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். இருபத்திரண்டு வருடம் அவருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். கேலி செய்த பாவத்துக்காவது அவரைப் பற்றி நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

பயந்த மனிதர். பயத்தை மறைக்கவும் தெரியாதவர். மேனேஜர் கூப்பிடுகிறார் என்று சொன்னாலே, எதற்கு என்று கேட்பதற்கு முன் முகம் வெளுத்துவிடும். ஒருமுறை நல்ல வேலைக்காரர் என்று பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து, சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு வருடம் சிரித்தோம்.

ஆனால் பெல்லட் மெஷின் முன்னால் நிற்கும்போது வேறு ஆள். அரைத்த மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மற்றதும் கலந்த மாவு மேலிருந்து ஒரு நீண்ட உருளைக்குள் இறங்கும். பாய்லரிலிருந்து வரும் நீராவி அங்கே மாவைச் சூடாக்கிப் பதப்படுத்தும். பதமான மாவு, துளை போட்ட இரும்பு வளையம் வழியே பிதுங்கிச் சிறு சிறு துண்டுகளாக விழும். அதுதான் பெல்லட். நீராவி வால்வு அவர் கையில். விழுகிற துண்டில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். உடைந்தால் நீராவியைக் கூட்டுவார். உடையாவிட்டால் தலையை ஆட்டிக்கொள்வார். அவர் பெல்லட் தூளாகி வந்தது என்று ஒரு பண்ணைக்காரரும் போன் செய்ததில்லை. அந்த போனை நினைத்துத்தான் மனிதர் இருபத்திரண்டு வருடம் பயந்துகொண்டே வேலை செய்தார்.

இந்த நிலையில் எங்கள் ஆலைக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். கால்நடை மருத்துவம் படித்து, அதற்கு மேல் தீவனத்தைப் பற்றித் தனியாகப் படித்தவர். நிதானமான ஆள். பிராய்லர் குஞ்சுத் தீவனத்தில் நாம் கொட்டுகிற புரதம் அதிகம், கோழிக்குச் சேர்வது போக மிச்சமெல்லாம் எச்சமாகி, தரையில் பரப்பிய மரத்தூள் படுக்கையை ஈரமாக்கி, ஷெட்டில் கண்ணெரிய வைக்கிறது என்று அவர் சொன்னார். சோயாப் புண்ணாக்கைக் குறைத்து, புரதத்தை இருபத்திரண்டு சதவீதத்திலிருந்து இருபதுக்கு இறக்கலாம். இறக்கினால் கோழி இளைக்காதா என்று மேனேஜர் கேட்டார். அதற்குத்தான் ஒரு என்சைம் சேர்க்கிறோம் என்றார் டாக்டரம்மா. குஞ்சின் குடல் நறுக்க முடியாமல் விட்டுவிடுகிற புரதத்தை அந்த என்சைம் நறுக்கிக் கொடுக்குமாம். குறைவாகப் போட்டாலும் வீணாகாமல் உடம்பில் ஒட்டும் என்றார்.

முதலில் ஒரே ஒரு ஷெட்டில் பார்க்கலாம் என்று முடிவானது. யார் ஷெட் என்றபோது யாரும் முன்வரவில்லை. மூணுதடவைக்கு ஒரு அக்கா உண்டு, கூடப்பிறந்தவர். எங்கள் கம்பெனி தரும் குஞ்சும் தீவனமும் வாங்கி, கூலிக்கு ஆறாயிரம் கோழி வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன கோடையில் வெயிலில் அவர் ஷெட்டில் நிறையக் கோழி செத்துப்போய், இன்னொரு பேட்ச் இப்படி ஆனால் இனிமேல் குஞ்சு தர மாட்டோம் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. அந்த அக்காதான் சம்மதித்தார். "என் தம்பி கையால வர்ற தீவனம்தானே, போடுங்க" என்றாராம். இதைக் கேட்டதும் தம்பிக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவரோ, வேறு ஷெட்டே கிடைக்கவில்லையா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

அந்தத் தீவனத்தை மெஷினில் ஓட்டிய அன்று நான் பக்கத்தில் இல்லை. என்ன நடந்தது என்பது பிற்பாடு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா கொடுத்த தாளில் கடைசி வரியாக, சூடு எண்பது டிகிரியைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. அவர் அதை மூன்று தடவை படித்தார். எண்பதில்தான் ஆரம்பித்தார். சோயா குறைந்ததால் மாவில் பிடிமானம் இல்லை. விழுந்த துண்டு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. அக்காவுடைய ஷெட்டுக்குப் போகிற தீவனம் இப்படியா போவது என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை.

அந்த வரியை மீறியதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன், பாய்லரில் எரிபொருள் மிச்சம் பிடிக்க யாரும் எண்பதைத் தாண்டாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு மாதம் கூட யாரும் அதை மதிக்கவில்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவும் இல்லை. இதுவும் அந்த வகைதான் என்று அவர் எண்ணிவிட்டார். ஏன் என்று அந்தத் தாளில் எழுதவில்லை. நேரில் போய்க் கேட்க டாக்டரம்மாவிடம் பயம். வால்வைத் திறந்தார். எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு. துண்டு கல் மாதிரி விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். பதிவேட்டில் சூடு என்ற கட்டத்தில் 80 என்று எழுதினார். நான் அதன் கீழே, சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். பார்க்காமலேயே போட்டேன். எத்தனையோ வருடமாக அப்படித்தான் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மாவோடு எடை பார்க்க நான் அக்காவின் ஷெட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே எனக்குச் சரியில்லை என்று பட்டது. ஒரே வயசுக் குஞ்சுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். இங்கே ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது, பக்கத்தில் இருந்தது அதைப் போல ஒன்றரை மடங்கு. இறக்கை சரியாக முளைக்கவில்லை. சிலது மற்றதன் வாலைக் கொத்திக்கொண்டிருந்தன, அங்கங்கே ரத்தம் தெரிந்தது. நூறு குஞ்சை எடை போட்டோம். சராசரி நானூறு கிராமாவது வர வேண்டும். முந்நூற்று இருபதுதான் வந்தது.

அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தபடி தராசுக்குப் பக்கத்தில் நின்றார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஷெட் அவ்வளவு சுத்தமாக இருந்தது. தண்ணீர்க் குழாய் ஒவ்வொன்றும் துடைத்திருந்தது. சுவிட்ச் போர்டில் ஒவ்வொரு சுவிட்சைச் சுற்றியும் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டு, கீழே 'காற்றாடி', 'விளக்கு', 'குஞ்சு பல்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். நாங்கள் கிளம்பியபோது அவர் போர்டுக்கு முன் நின்று ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி தொட்டார். மறுபடியும். குடும்ப வியாதி போலிருக்கிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆலைக்கு வந்து தீவனத்தை நான் சோதித்தேன். புரதம் சரியாக இருபது சதவீதம் இருந்தது. கலவையில் பிசகு இல்லை. என்சைம் வேலை செய்கிறதா என்று பார்க்கிற வசதி எங்களிடம் இல்லை. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும். அதற்குள் கோழி வளர்ந்தே முடிந்துவிடும்.

அன்று சாயங்காலம் மேனேஜர் அறையில் எல்லாரும் நின்றோம். மேனேஜர் கத்துகிற ஆள் இல்லை, அதுதான் இன்னும் பயம். தீவனம் சரி என்று ஆய்வுக்கூடம் சொல்கிறது, அப்படியானால் ஷெட்டில்தான் கோளாறு என்றார். பராமரிப்புக் குறை என்று எழுதிவிடலாம் என்றார். பராமரிப்புக் குறை என்று எழுதினால் அக்காவுக்கு இனி குஞ்சு கிடையாது. அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது. இது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

டாக்டரம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஷெட் சுத்தமாக இருந்தது, அந்தம்மா மேல் பழி போடாதீர்கள் என்றார். பிறகு தனக்குத்தானே யோசிக்கிறவர் மாதிரி, "சூடு தாண்டியிருந்தா இப்படி ஆகும். என்சைம் வெந்து செத்துடும். அப்புறம் அது வெறும் புரதம் குறைஞ்ச தீவனம், குஞ்சு பட்டினி கிடந்த மாதிரிதான். ஆனா நம்ம ரிஜிஸ்டர்ல எண்பதுன்னுதானே இருக்கு" என்றார்.

நான் தற்செயலாக மூணுதடவையைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உதடு லேசாக அசைந்தது. நெற்றியில் வேர்வை வரிசையாக நின்றது. எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. இந்த மனிதர் எதற்குத்தான் பயப்படாமல் இருந்தார் என்று விட்டுவிட்டேன். கடைசியில் மேனேஜர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் பராமரிப்புக் குறைதான்.

மறுநாளிலிருந்து அவர் மூன்று தடவையில் நிற்கவில்லை. ஒரே பூட்டை ஏழு தடவை, எட்டு தடவை இழுத்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. யாராவது பின்னாலிருந்து பேசினால் தூக்கிப்போட்டது. நீராவி வால்வைத் தொட மட்டும் கை போகவில்லை, உதவிக்கு நிற்பவரிடம் சொல்லித் திருப்பச் சொன்னார். அவர் வீட்டுக்காரம்மா எனக்கு போன் செய்து, ஆலையில் ஏதாவது பிரச்சினையா, மனுஷன் சாப்பிடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை, உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அழுதார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது அன்றைக்கு உண்மை.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிற ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு கண்ணாடி ஜாடி நிறையப் பெல்லட் எடுத்து, தேதி ஒட்டி, என் அறை அலமாரியில் இரண்டு மாதம் வைத்திருப்போம். புகார் வந்தால் எடுத்துப் பார்க்க. நான்காம் நாள் காலையில் அவர் என் அறைக்கு வந்தார். பேனா இருக்கிறதா என்று கேட்டார். கண் அலமாரி மேல் இருந்தது. பேனா வாங்கிக்கொண்டு போனார். அரைமணி கழித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மத்தியானம் தண்ணீர் கேட்டு வந்தார். தண்ணீர் அவர் பக்கத்திலேயே இருக்கிறது.

அவர் போனதும் நான் எழுந்து அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன். அக்காவின் ஷெட்டுக்குப் போன பேட்ச் ஜாடி முன்வரிசையில் இருந்தது. திறந்து ஒரு துண்டை விரலில் வைத்து நசுக்கினேன். உடையவில்லை. பல்லில் வைத்துக் கடித்தேன். உடையவில்லை. சோயா குறைத்த மாவு எண்பது டிகிரியில் இப்படிக் கெட்டியாக வராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், இருபத்திரண்டு வருடம் அவர் பெல்லட்டைப் பார்த்திருந்தால் போதும். பதிவேட்டைப் புரட்டினேன். எண்பது என்று அவர் கையெழுத்து. அடியில் என் கையெழுத்து. மாட்டினால் அவர் மட்டும் மாட்ட மாட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஜாடியைக் குப்பையில் கொட்டிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஒரு நிமிடம் அல்ல, வெகுநேரம் தோன்றியது. எனக்கும் வீடு இருக்கிறது, கணவருக்கு உடம்பு சரியில்லை, இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள். பிறகு அந்த அக்கா தராசுப் பக்கத்தில் ஒன்றும் கேட்காமல் நின்றது ஞாபகம் வந்தது. ஜாடியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவராக வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அது நியாயமா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. காத்திருந்த நேரத்தில் குஞ்சுகள் அந்தத் தீவனத்தைத்தான் தின்றுகொண்டிருந்தன.

மறுநாள் அவர் மறுபடி வந்தபோது, நான் சோதனைக்கு ஒரு மாதிரி எடுத்துவர வேண்டும் என்று சொல்லி வேண்டுமென்றே வெளியே போனேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பினேன். ஜாடி அலமாரியில் இருந்தது, ஆனால் மூடி கோணலாக இருந்தது. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். மடியில் கொஞ்சம் பெல்லட் சிந்தியிருந்தது. எடுத்துக்கொண்டு போக வந்தவர், எடுக்கவும் முடியாமல், போகவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"தொண்ணூத்திரெண்டு" என்றார். "தொண்ணூத்திரெண்டு வெச்சேன்மா."

"தெரியும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா. பயந்ததில் பாதி நடந்துவிட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறோமே என்கிற மாதிரி இருந்தது. வாங்க, இப்போதே மேனேஜரிடம் போவோம், என் கையெழுத்தும் இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன். எழுந்தார். வழக்கம் போல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

மேனேஜர் அறையில் என்ன நடந்தது என்பதை நீட்டி முழக்க வேண்டாம். டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றவர் எதையும் மறைக்கவில்லை. வால்வைத் திறந்ததையும் சொன்னார், பொய் எழுதியதையும் சொன்னார். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மாதான் எழுந்தார். ஏன் எண்பது என்று நான் அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும், அது என் தப்பு என்றார். அன்று மத்தியானமே அக்காவின் ஷெட்டிலிருந்த தீவனத்தைத் திரும்ப எடுக்கவும், எண்பதில் புதிதாக ஓட்டி அனுப்பவும் ஏற்பாடானது. தூளாக உதிர்ந்தாலும் பரவாயில்லை என்று டாக்டரம்மா சொன்னார். மூணுதடவையை மூட்டை தைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது.

வெளியே வந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "மேனேஜர் என்னம்மா, மேனேஜர். அக்காகிட்ட எப்படிச் சொல்வேன்? கூட வர்றீங்களா?" என்றார்.

மறுநாள் காலை புதுத் தீவனம் ஏற்றிய வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போனோம். வழியில்தான் அவர் அந்தப் பழைய கதையைச் சொன்னார். அவருக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அவர்கள் அப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் முந்நூறு குஞ்சு வளர்த்தார். குஞ்சுகளுக்கு வெப்பம் தர ஒரு பெரிய பல்பு எப்போதும் எரிய வேண்டும். ஒருநாள் அந்த பல்பு 'ங்ங்' என்று சத்தம் போட்டது. வெடித்துவிடும் என்று பயந்து இவர் அதை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போடலாம் என்று விளையாடப் போனார், மறந்தே போனார். குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூச்சுத் திணறி அத்தனையும் செத்துப்போயின. அப்பா இருவரையும் நிறுத்திக் கேட்டார். இவருக்கு வாய் வரவில்லை. அக்காதான் முன்னால் வந்து, "நான்தான்பா" என்றார். அடி முழுவதும் அக்காவுக்கு. அப்பா அக்காவோடு பல மாதம் பேசவில்லை. அன்றிலிருந்துதான் இவர் எதையும் மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தார்.

"எனக்காக அடி வாங்கினாங்க. நான் வாயே திறக்கல" என்றார். "இப்பவும் அதேதான் பண்ணப் பாத்தேன். எனக்காக அவங்க பழி சுமந்துட்டுப் போயிருப்பாங்க."

வண்டி நின்றபோது அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கவே இல்லை. நான் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறைதான்.

அக்கா ஷெட்டுக்குள் மண்டியிட்டு, ஈரமாகிக் கட்டி தட்டியிருந்த படுக்கையைக் கையால் கிளறி உடைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் குஞ்சுகள் ஒதுங்கி ஒதுங்கி ஓடின. தம்பியைப் பார்த்ததும் எழுந்தார். இவர் வாசலிலேயே நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னார். தொண்ணூற்றிரண்டு என்றார். எண்பது என்று பொய் எழுதினேன் என்றார். உன் ஷெட்டில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் என் கையால் வந்தது என்றார். அக்கா கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் வந்தது, வந்து கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, புதுத் தீவனம் போட்டால் இதுகள் தேறுமா என்று என்னிடம் கேட்டார். முழுசாகத் தேறாது, பாதிக்கு மேல் பிடித்துவிடும், பராமரிப்புக் குறை என்று யாரும் எழுத மாட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நிறுத்தவில்லை. பயந்தவர்கள் ஒருமுறை வாய் திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வந்துவிடும் போலிருக்கிறது.

"அக்கா, அன்னிக்கும் நீ எனக்காகத்தான் அடி வாங்கின" என்றார். "அந்தக் குஞ்சு பல்பு. நான்தான் அணைச்சேன்னு தெரிஞ்சும் நீ சொல்லல."

அக்கா மரத்தூளைத் தட்டுவதை நிறுத்தினார். "என்ன சொன்ன?"

"அந்த பல்பு. சத்தம் போட்டுச்சுன்னு நான்தான் அணைச்சேன். நீ என்னைக் காப்பாத்த..."

"நீ அணைச்சியா?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது. அக்காவுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவருக்குத் தெரியவே தெரியாது.

அக்கா மெதுவாகப் பேசினார். "ரெண்டு சுவிட்சும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. விளக்கை அணைக்கிறேன்னு நினைச்சு அவசரத்துல பல்பை அணைச்சுட்டேன்னுதான் நான் நினைச்சேன். அதான் நான்தான்னு சொன்னேன். பொய் சொல்லலடா. நிஜமாவே நான்தான்னு நினைச்சேன்."

தம்பி கையை நீட்டினார், எதற்கு என்று அவருக்கே தெரியாதது போல. அக்கா அதைப் பார்க்கவில்லை. சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சிவப்பு வட்டங்களை, கொட்டை எழுத்துகளை.

"நாப்பத்தஞ்சு வருஷம்" என்றார். "விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சு வந்து ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாக்கறேன். பெத்த பிள்ளைங்களைக் குளிப்பாட்டுற தண்ணியைக்கூட நாலு தடவை தொட்டுப் பாத்துதான் ஊத்துவேன். என் கையையே நான் நம்பினதில்ல. உனக்காவது பட்டப்பேர் வெச்சுக் கூப்பிட ஆள் இருந்தாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பி அழுதார். அழுவது அவருக்குப் பழக்கம்தான், ஆனால் இது வேறு மாதிரி இருந்தது, சத்தமே வரவில்லை. அக்கா அழவும் இல்லை, தம்பியைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. வெளியே டிரைவர் மூட்டைகளை இறக்கி முடித்து ஹாரன் அடித்தார். அக்கா சேலையை இறக்கிவிட்டு, மூட்டை எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட வாசலை நோக்கி நடந்தார்.

வழியில் சுவிட்ச் போர்டு இருந்தது. பழக்கத்தில் கை பாதி தூரம் மேலே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கையை அவர் கீழே இறக்கிக்கொண்டார். தொடாமல் போர்டைக் கடந்து வெளியே போனார்.

தம்பி ஷெட்டுக்குள்ளேயே நின்றார். சுற்றிலும் ஆறாயிரம் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. பல்பு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். எரிந்தது. மறுபடியும் பார்த்தார்.